அப்பாவுக்கு ஓர் இடம் பார்த்தோம்

பெரிய அண்ணன் சாம்பார் அண்டாவின் மேல் குனிந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். அவரை அடுத்துச் சித்தப்பாவும் இழுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். என் அப்பா மிச்ச நாளை எங்கே கழிக்கப் போகிறார் என்பது அப்படித்தான் முடிவானது.

இடம், குற்றாலத்தில் அருவிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு வைத்திய விடுதி. வாதம் வந்து விழுந்தவர்களையும் எழுந்து நடக்க முடியாத பெரியவர்களையும் அங்கே தங்கவைத்து, எண்ணெய் தேய்த்து, சோறு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஆனி மாதக் கடைசி. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கட்டில்கள் கிடந்த கூடத்தை வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்திருந்தோம்.

“கவுச்சி கிவுச்சி ஏதும் புழங்குதா?” என்று சித்தப்பா கேட்டார்.

விடுதி மானேஜர் காதைப் பொத்திக்கொண்டார். “என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய! முட்டை ஓடு கூட இந்த வாசப்படி தாண்டாது. சமையலுக்கு நம்ம ஆளுதான். தெனம் குளிச்சு, திருநீறு பூசிக்கிட்டுதான் அடுப்பையே பத்த வைப்பாரு.”

“ராத்திரி அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் உண்டுமா?” என்று நான் கேட்டேன்.

“அதெல்லாம் உண்டும்மா. நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம்.” பதில் எனக்கு, பார்வை அண்ணன் மேல்.

“கக்கூஸ் எந்தப் பக்கம்?” என்றேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏட்டி கோமு, சமையக்கட்டுல நின்னுக்கிட்டு கேக்குற கேள்வியாட்டி இது?”

அதோடு என் வாய் மூடப்பட்டது. வடை கொடுத்தார்கள். சூடாக நன்றாகத்தான் இருந்தது.

கை விழுந்த பிறகு

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. தென்காசியில் எங்கள் வீட்டில் அப்பா, பெரிய அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள், கல்யாணமாகாத நான். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு மாசி மாதக் காலையில் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பேச்சு மட்டும் குழறலாக மிஞ்சியது.

வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். நானே செய்கிறேன் என்றும் சொன்னேன். ஒரு நாள் அப்பாவின் வேட்டியை மாற்றப் போன என்னை மதினி கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

“வயசுப் பொண்ணு தகப்பன் உடம்பைத் தொட்டுக் கழுவுறதாட்டி? வெளிய தெரிஞ்சா காறித் துப்ப மாட்டாங்களா?”

மகள் தொடக் கூடாது. மருமகள் தொடவே கூடாது. மகன் தொடலாம், ஆனால் அண்ணனுக்கு மூத்திர வாடை பட்டால் குமட்டும். சம்பளத்துக்கு வைத்த ஆள் பங்குனித் தேரோட்டம் பார்க்கப் போனவன் திரும்பவே இல்லை. ஆக, தொடக்கூடியவர்கள் யாருமில்லாத வீட்டில் அப்பா ஈரத் துணியில் கிடந்தார். அப்போதுதான் எங்காவது ஓர் இடம் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது.

ஒரே அடுப்பு

குற்றாலத்துக்கு முன்னால் நான் இன்னொரு இடம் பார்த்திருந்தேன். பாவூர்சத்திரம் போகிற வழியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் மடம் அது. என்னோடு வேலை பார்த்த ரூத் டீச்சர்தான் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனாள்.

வேப்பமரத்தடியில் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். வேலையாகச் செய்யவில்லை, உரித்ததைப் பாதி அவர்களே தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன சிஸ்டர் தரையில் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளை ஏதோ திட்டிக்கொண்டே இருந்தார். அவளும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே வெட்டினாள். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு என்று ஒரு தனிக்கூடம். மணி அடித்ததும் இரண்டு பேர் வந்து ஒவ்வொருவரையும் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டார்கள். ராத்திரியிலும் உண்டா என்றேன். உண்டு என்றார்கள். டெட்டால் வாடைதான் அடித்தது. வேறு வாடை இல்லை.

பெரிய சிஸ்டர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். அப்பாவுக்குச் சைவச் சாப்பாடு தர முடியுமா என்று கேட்டேன்.

“தரலாம் மோளே. சட்டி வேற, கரண்டி வேற வச்சுக்கலாம். ஆனா எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அடுப்பு ஒண்ணுதான் உண்டு. வெள்ளிக்கிழமை மீன் வைப்போம்.”

அந்த அம்மாள் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்று பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வேப்பமரத்தைச் சொன்னேன், நகம் வெட்டியதைச் சொன்னேன், மணி அடித்துத் திருப்பிப் போடுவதைச் சொன்னேன். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அடுப்பு ஒண்ணா?”

“ஒண்ணுதான். சட்டி வேற.”

“அப்பம் பேசாண்டாம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்பாவும் அந்தக் காலத்தில் இதற்குச் சளைத்தவரில்லை. வடகரையில் ஒரு கல்யாணப் பந்தியில், சமையல்காரன் முந்தின நாள் கறிச்சமையல் செய்த வீட்டிலிருந்து வந்தவன் என்று யாரோ காதில் ஓதியதும், பாயசத்தை வாயில் வைக்கப் போனவர் அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்தாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். விதைத்ததை அறுத்தார் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். முதுகு புண்ணாகும்படி யாரும் எதையும் விதைப்பதில்லை.

சாரலோடு வந்த சொந்தங்கள்

ஆடி மாதம் முழுக்க விடுதி கல்யாண வீடு போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நானே ஏமாந்துபோனேன். எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். அருவிக்கரையில் வேலை முடிந்ததும் விடுதிக்கு வந்து, அப்பாவின் விழுந்த கையை நீவி நீவி விட்டார்கள். நாற்காலியில் தூக்கி வைத்துத் தாழ்வாரத்தில் விடுவார்கள். சாரல் முகத்தில் படும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சொந்தக்காரர்கள் பட்டாளமாக வந்தார்கள். அப்பாவைப் பார்க்க என்றா நினைக்கிறீர்கள்? அருவியில் குளிக்க வந்தவர்கள், வந்த வழியில் அப்பாவையும் பார்த்தார்கள். ஈரத்துண்டை அவர் கட்டில் கம்பியில் காயப்போட்டார்கள். மதினியின் பெரியம்மா மக்கள் விடுதியில் ஒரு நேரச் சாப்பாடும் முடித்து, “சாம்பார் கல்யாணச் சாம்பார் மாதிரி இருக்கு, மாமாவுக்கு என்ன கொறை” என்று சர்ட்டிபிகேட் கொடுத்துப்போனார்கள். தென்காசி முழுக்க எங்கள் அண்ணனுக்கு நல்ல பெயர். வீட்டில் வைத்திருந்தால்கூட இப்படிப் பார்க்க முடியாது என்று பேச்சு.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. குற்றாலத்தைச் சீசனில் மட்டும் பார்த்துவிட்டு, அது வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைப்பது.

ஐப்பசி

புரட்டாசியில் அருவி மெலிந்தது. கூட்டம் போனது. எண்ணெய் ஆட்கள் நடவுக்கும் அறுப்புக்கும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சொந்தக்காரர்களையும் காணோம். ஐப்பசி மழையில் அருவி மறுபடியும் இடிஇடியென்று விழுந்தது. நின்று பார்க்கத்தான் ஆளில்லை.

விடுதியில் எஞ்சியவர்கள் எழுந்து போக முடியாதவர்கள் மட்டும். அவர்களுக்குச் சமையல்காரர் ஒருவர், இசக்கி என்ற வேலையாள் ஒருவன். காலையில் இசக்கி எல்லோருக்கும் கஞ்சி புகட்டுவான். கடைசிக் கட்டிலுக்கு வரும்போது கஞ்சி ஆறிக் கட்டியாகியிருக்கும். அப்புறம் துணி மாற்றுவான். அதை முடிக்கும்போது மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிடும். மழைக்காலத்தில் துவைத்த வேட்டி காயாது. ஈரம் போகாத வேட்டியையே கட்டிவிடுவான். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் மலை இருட்டைக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை படுத்தவர் படுத்தபடி. ஆனால் சாம்பாரில் மட்டும் ஒரு குறையும் இல்லை. சமையல்காரர் தினமும் குளித்தார், திருநீறு பூசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கூடத்து வாசலிலேயே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. மதினி பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு அப்பாவை ஒருக்களித்துப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

“நான் ஒத்தையா எத்தன பேரத் தூக்குவேன் டீச்சர்?” என்றான் இசக்கி. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொன்னேன்.

“சாப்பாடு ஒழுங்காப் போடுதாங்களா?”

“போடுதாங்க.”

“பொறவென்ன? படுத்தே கெடந்தா புண்ணு வரத்தான் செய்யும்.”

அந்த நிமிஷம் அண்ணன் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்றுவரை முழுசாகப் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வெறுப்பு இருக்கிறது.

மறுவாரம் அப்பாவிடமே கேட்டேன். “சிஸ்டருங்க மடத்துக்குப் போறியளாப்பா? அங்க ராத்திரியும் திருப்பிப் போடுவாங்க. ஆனா அடுப்பு ஒண்ணுதான், மீனும் வைப்பாங்க.”

இலையை மூடி எழுந்த அந்த மனுஷர் என்னைப் பார்த்துக் குழறினார். “அடுப்புல என்னட்டி இருக்கு. எரியுது கோமு. கொண்டு போ.”

வாசலில் நின்ற டாக்சி

பெரிய சிஸ்டர் ஒரு கட்டிலை எனக்காக ஒதுக்கி வைத்தார். கார்த்திகையில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, டாக்சி பேசி விடுதிக்குப் போனேன். இசக்கியும் டிரைவருமாக அப்பாவைத் தூக்கப்போகும் நேரத்தில் அண்ணனும் சித்தப்பாவும் வந்து இறங்கினார்கள். மானேஜர் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா மகள் மீனாவுக்குச் செங்கோட்டையில் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. தையில் கல்யாணம்.

“கோமு, அங்கன போனா நாளைக்கே செங்கோட்டைக்குச் சேதி போயிரும்” என்று சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணோட பெரியப்பா வேதக்கார மடத்துல கஞ்சி குடிக்காருன்னு தெரிஞ்சா அவுக தாலி கட்ட வருவாவளா? எம் பிள்ளை வாழ்க்கைய நெனச்சுப் பாரு.”

“நீங்க அப்பா முதுகை நெனச்சுப் பாத்தியளா சித்தப்பா?”

கட்டிலிலிருந்து அப்பா சொன்னார். “வண்டியத் திருப்பி அனுப்பு. மீனா கல்யாணம் முடியட்டும்.”

மீனா என்றால் அப்பாவுக்கு உயிர். அது சித்தப்பாவுக்கும் தெரியும். டாக்சி காலியாகத் திரும்பிப் போனது.

அண்ணனுக்கு வந்த கரிசனம்

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இரண்டே நாளில் வடகரையிலிருந்து திடகாத்திரமான இரண்டு ஆட்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள மட்டும். ஒருவன் பகல், ஒருவன் ராத்திரி. மருந்து கட்ட கம்பவுண்டர் தினமும் வந்தார். டாக்டர் வாரம் தவறாமல் வந்தார். இளநீர் வந்தது, இலவம்பஞ்சு மெத்தை வந்தது. குமட்டல்கார அண்ணன் தினமும் சாயங்காலம் என்னிடம் கேட்டார்: “புண்ணு ஆறுதாட்டி? காய்ச்சல் ஏதும் இல்லயே?” கேட்கும்போது முகத்தில் நிஜமான கவலை.

கல்லுக்குள் ஈரம் என்று நினைத்தேன். அண்ணன் மனசு இளகிவிட்டது என்று ரூத்திடம்கூடச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோயிலில் நின்று அண்ணனுக்காக ஒரு கும்பிடும் போட்டேன்.

மதினிதான் கண்ணைத் திறந்துவைத்தாள். அரிசி புடைத்துக்கொண்டே, சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

“என்னட்டி புரியாம பேசுத? மாமாவுக்கு நடுவுல ஒண்ணு ஆயிட்டா பங்காளித் தீட்டுல்லா? பதினாறு கழியுமட்டும் முகூர்த்தம் கிடையாது. செங்கோட்டைக்காரவுக சகுனம் சரியில்லன்னு கழண்டுக்கிட்டா என்ன செய்ய? தை வரைக்கும் உசுரு நிக்கணும்.”

நான் கேட்டு அழுததெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்காக நடக்கவில்லை. அவர் செத்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பதற்காக நடந்தது. ஆறின புண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாமல், வேண்டாம் என்று தள்ளவும் முடியாமல் அந்த மார்கழியைக் கழித்தேன்.

அப்பாவுக்கு இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஆட்கள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தே பேசியிருக்கிறார்கள்; படுக்கையில் கிடப்பவனுக்குக் காது கேட்காது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

“தாலி கட்டுற வரைக்கும் நான் சாவக் கூடாதாம்ட்டி” என்று ஒரு பக்க வாயால் சிரித்தார். “நல்லாத்தான் பாக்கானுவ.”

கல்யாணம் முடிந்தது

மீனா கல்யாணம் தையில் ஜாம்ஜாமென்று நடந்தது. செங்கோட்டைக்காரர்கள் ஐந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லாப் பந்தியிலும் பெரியப்பா நலமா என்று விசாரித்தார்கள். குற்றாலத்தில் ராஜ வைத்தியம் நடக்கிறது என்று சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மறுநாள் லட்டும் முறுக்கும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். வடகரை ஆட்களைக் காணோம்.

“அவுகள நேத்து சாயங்காலமே போதும்னு அனுப்பிட்டாங்க டீச்சர்” என்றான் இசக்கி. கம்பவுண்டரும் இனி வரமாட்டாராம்.

அப்பா லட்டைத் தொடவில்லை. “தாலி கட்டியாச்சா?”

“ஆச்சுப்பா.”

“நம்ம வகையறாவுல அடுத்த கல்யாணம் எப்பம்?”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பஸ் பிடித்துப் பெரிய சிஸ்டரிடம் போனேன். எனக்காக ஒதுக்கியிருந்த கட்டிலில் வேறொரு பெரியவர் படுத்திருந்தார். பாவம், அவர்கள் எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள்?

“கட்டிலு ஒழிஞ்சா உடனே ஆளு அனுப்பறேன் மோளே” என்றார். “ஆனா ஒழியணும்னு நான் பிரார்த்திக்க முடியாது, பாத்துக்கோ.”

அதுவும் நியாயம்தான். அந்த நியாயம் நடக்கும்வரை அப்பாவின் முதுகு என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அன்று அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்று சொன்னேன்.

“அண்ணே, எனக்கு மாப்பிள்ளை பாருங்க.”

பிசைந்த சோறு அண்ணன் கையிலேயே நின்றது. வேலையை விடச் சொன்ன மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்று துரத்தியவள் நான். என்னை எப்போது தள்ளிவிடலாம் என்று அந்த வீடு வருஷக்கணக்காகக் காத்திருந்தது.

“நெசமாத்தான் சொல்லுதியா கோமு?”

“நெசமாத்தான். ஆனா அப்பா இருந்து தாரை வாத்துக் குடுக்கணும். அப்பா இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம்.”

“அது நியாயம்தான்” என்று மதினி குழம்பை ஊற்றினாள். “மாமாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சொந்த மகளுக்கு வருசம் திரும்பாம ஒண்ணும் செய்யவும் முடியாது. இவளுக்கு இப்பமே வயசு ஏறிட்டு இருக்கு.”

அண்ணன் சோற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் விடுதிக்குப் போனபோது வடகரை ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஒருவன் அப்பாவைச் சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துப் பிடித்திருந்தான். மற்றவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெந்நீர் ஆவி பறந்தது. நான் கட்டிலைச் சுற்றிப் போய் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றேன்.

“ஆளு திரும்ப வந்துட்டானுவளே. யாருக்குட்டி கல்யாணம்?”

“எனக்குத்தாம்ப்பா.”

அப்பா நல்ல இடமா என்று கேட்கவில்லை, என்ன வேலை பார்க்கிறான் என்றும் கேட்கவில்லை. நல்ல கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அவசரப்படாண்டாம்னு சொல்லு” என்றார். “மெதுவாப் பாக்கட்டும்.”